கேம் எஞ்சின் எடிட்டர்ல கவுன்ட்டவுன் டைமர்: எண்ணுறது வேற, எழுதுறது வேற, வரையிறது வேற

கேம் பண்ண ஆரம்பிச்ச எல்லாரும் சீக்கிரமே கை வைக்கிற ஒரு விஷயம் கவுன்ட்டவுன் டைமர். ரவுண்டுக்கு ரெண்டு நிமிஷம், மேல மூலையில 02:00ன்னு ஆரம்பிச்சு 00:00க்கு வரணும், அவ்வளவுதான் கேக்குறது. ஆனா இத பத்தி பேசும்போது எல்லாத்தையும் ஒரே வார்த்தைக்குள்ள போட்டு குழப்பிடுறாங்க. "டைமர் தப்பா ஓடுது"ன்னு ஒருத்தர் சொல்லுவாரு, போய் பாத்தா நேரம் சரியாத்தான் குறையுது, அத எழுதிக் காட்டுற விதம்தான் தப்பு. "ஃபார்மேட் வேலை செய்யல"ன்னு இன்னொருத்தர் சொல்லுவாங்க, பாத்தா ஃபார்மேட் கச்சிதமா இருக்கு, எடிட்டர் விண்டோதான், அதாவது நாம கேம உருவாக்குற மென்பொருளோட விண்டோதான், தன்ன புதுசா வரையாம நிக்குது. இன்னும் சில பேரு எடிட்டரோட இன்ஸ்பெக்டர்ங்கிற பலகையில 125.3667ன்னு ஒரு நம்பர பாத்துட்டு டைமரே கெட்டுப்போச்சுன்னு நெனச்சு, நல்லா இருந்த புரோகிராம அழிச்சிட்டு முதல்லேந்து எழுத ஆரம்பிச்சிடுறாங்க. அத பாக்கும்போது உண்மையிலேயே வருத்தமா இருக்கும், ஏன்னா அவங்க எழுதின புரோகிராம்ல தப்பே இருந்திருக்காது.

டைமர்ங்கிற ஒரே பேருக்குள்ள மூணு வேலை இருக்கு. மிச்ச நேரத்த எண்ணுறது, எண்ணினத மனுஷன் படிக்கிற மாதிரி எழுத்தாக்குறது, அந்த எழுத்த திரையில வரையிறது. எது எங்க நிக்குதுன்னு தெரிஞ்சா முக்கால்வாசி பிரச்சனை தானா போயிடும்.

## தொட்டி, கோடு, போட்டோ

ஒரு தண்ணித் தொட்டிய நெனச்சுக்கோங்க. அடியில சின்னதா ஒரு ஓட்டை, தண்ணி சீரா இறங்குதுன்னே வச்சுப்போம். தண்ணிக்கு லிட்டர்னா என்னன்னு தெரியாது, அது பாட்டுக்கு குறையுது. தொட்டியோட பக்கத்துல யாரோ கோடு போட்டு 10, 20, 30ன்னு எழுதி வச்சிருக்காங்க, அத பாத்துத்தான் நாம இன்னும் இருவது லிட்டர் இருக்குன்னு சொல்றோம். இப்ப நீங்க வேற ரூம்ல இருக்கீங்க, ஒருத்தர் அப்பப்ப தொட்டிய போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்புறாரு. அவரு அனுப்பாம விட்டுட்டா உங்க கையில இருக்கிற போட்டோல தண்ணி குறையவே குறையாது, ஆனா அங்க தொட்டியில குறைஞ்சிட்டேதான் இருக்கும்.

தண்ணிதான் உள்ள இருக்கிற நம்பர், கோடுதான் ஃபார்மேட், போட்டோதான் திரை. யூனிட்டி, கோடோ, அன்ரியல்னு எந்த கேம் எஞ்சின்ல பண்ணாலும் இந்த மூணும் தனித்தனியாத்தான் இருக்கு, பேரு மட்டும்தான் மாறும்.

## உள்ள இருக்கிறது வெறும் ஒரு நம்பர்

எஞ்சினுக்கு நிமிஷம்னா என்னன்னு தெரிய வேண்டிய அவசியமே இல்ல. மிச்ச நேரம்னு ஒரு நம்பர் இருக்கும், அது செகண்ட் கணக்குல, புள்ளி வச்ச நம்பரா இருக்கும். இந்த மாதிரி புள்ளி வச்ச நம்பருக்கு புரோகிராமிங்ல ஃப்ளோட்னு பேரு. ரெண்டு நிமிஷம்னா 120.0, அவ்வளவுதான். அது ஓட ஆரம்பிச்சா 119.9833, 119.9667ன்னு இறங்கும். இன்ஸ்பெக்டர்ல, அதாவது நாம தேர்ந்தெடுத்த பொருளோட மதிப்புகள எல்லாம் வரிசையா காட்டுற அந்தப் பலகையில, 125.3667ன்னு தெரியுறது இந்த மாதிரி நம்பர்தான். அது கெட்டுப்போனதுக்கு அடையாளம் இல்ல, கோடு போடாத தொட்டி, அவ்வளவுதான்.

இத எப்படி குறைக்கிறதுங்கிற இடத்துலதான் முதல் சறுக்கல். கேம் ஒரு செகண்டுக்கு பல தடவ திரைய புதுசா வரையும், ஒவ்வொரு தடவை வரையிறதுக்கும் ஃப்ரேம்னு பேரு. செகண்டுக்கு 60 ஃப்ரேம்னா ஒவ்வொண்ணும் சுமார் 0.0167 செகண்ட். அப்படின்னா ஒவ்வொரு ஃப்ரேம்லயும் 0.0167 கழிச்சா போதுமேன்னு தோணும், உங்க மெஷின்ல ஓட்டிப் பாத்தா சரியாவும் இருக்கும். அதே கேம 144 ஃப்ரேம் ஓடுற மெஷின்ல போட்டுப் பாருங்க, ரெண்டு நிமிஷ ரவுண்டு 50 செகண்ட்ல முடிஞ்சிடும். 30 ஃப்ரேம்தான் வருதுன்னா நாலு நிமிஷம் இழுக்கும்.

அதனால நிலையான நம்பர கழிக்கக் கூடாது, போன ஃப்ரேமுக்கும் இந்த ஃப்ரேமுக்கும் நடுவுல நெஜமா எவ்வளவு நேரம் போச்சோ அத கழிக்கணும். அந்த இடைவெளிக்குத்தான் டெல்டா டைம்னு பேரு. ஒரு கணக்கர் தோணுறப்ப எல்லாம் வந்து, போன தடவ வந்து எவ்வளவு நேரமாச்சுன்னு பாத்து அத மட்டும் கழிச்சு எழுதிட்டு போறாருன்னு வச்சுக்கோங்க, அவரு அடிக்கடி வந்தாலும் சரி எப்பவாவது வந்தாலும் சரி மொத்தக் கணக்கு மாறாது. ஒவ்வொரு ஃப்ரேமும் எஞ்சின் கூப்பிடுற இடம் ஒண்ணு இருக்கு: யூனிட்டில அப்டேட்டுக்குள்ள, கோடோல ப்ராசஸ்ஸுக்குள்ள, அன்ரியல்ல டிக் ஈவென்ட்ல இந்த இடைவெளி உங்க கைக்கு ரெடியா வந்துடும்.

இன்னொரு விஷயம், நம்பர் சரியா சைபருக்கு சமமா இருக்கான்னு பாத்து டைமர நிறுத்தாதீங்க. கடைசி ஃப்ரேமுக்கு முன்னாடி 0.005 இருக்கும், அதுலேந்து 0.0167 கழிச்சா மைனஸ் 0.0117 ஆகிடும், சைபர தொடவே தொடாம தாண்டிப் போயிடும். சைபரோ அதுக்குக் கீழயோன்னு பாத்து, கீழ போயிருந்தா சைபர்னு பிடிச்சு வச்சிடணும். இத செய்யாத கேம்லதான் கடைசியில 00:-1ன்னு ஒரு எழுத்து தெரியும்.

இதுவரைக்கும் பாத்தது தொட்டி மட்டும்தான்: செகண்ட் கணக்குல ஒரு ஃப்ளோட், ஒவ்வொரு ஃப்ரேம்லயும் டெல்டா டைம் கழியுது, சைபர்ல நிக்குது.

## நம்பர எழுத்தாக்குறது

125ன்னு இருக்கிற நம்பர 02:05ன்னு காட்டணும். 60ஆல வகுத்தா ஈவு 2, மீதி 5. ஈவு நிமிஷம், மீதி செகண்ட், சின்ன வகுப்புல படிச்ச கணக்குதான். மீதிய எடுக்கிறதுக்கு பெரும்பாலான புரோகிராமிங் மொழியில ஒரு குறி இருக்கு, பொதுவா சதவீதக் குறிதான் அது, ஆனா இங்க சதவீதத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

அப்புறம் 2:5ன்னு வராம 02:05ன்னு வரணும். ரெண்டு இலக்கம் வேணும், குறைஞ்சா முன்னாடி சைபர் போடுன்னு சொல்றதுக்குத்தான் ஃபார்மேட் ஸ்ட்ரிங். ஸ்ட்ரிங்னா எழுத்துக் கோவை, ஃபார்மேட் ஸ்ட்ரிங்னா எந்த நம்பர் எந்த இடத்துல எத்தன இலக்கத்துல உக்காரணும்னு சொல்ற அச்சு. யூனிட்டில எழுதுற சி ஷார்ப்ல 00ன்னு ஒரு அச்சு இருக்கு. அன்ரியல்ல முழு எண்ண டெக்ஸ்ட்டா மாத்துற நோடுல, அதாவது ஒரு வேலைய செய்யுற துண்டுல, குறைஞ்சபட்ச இலக்கம்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல 2ன்னு போட்டா வேலை முடிஞ்சது.

இங்கதான் நிறைய பேரு நாள் கணக்குல மாட்டிக்கிறாங்க, கொஞ்சம் நின்னு பாக்கலாம். மிச்ச நேரம் 100.0 செகண்ட். 60ஆல வகுத்தா 1.6667. இத அப்படியே 00 அச்சுல போட்டா என்ன வரும்? 01ன்னு நெனப்பீங்க. வராது, 02ன்னு வரும். ஏன்னா அந்த அச்சு புள்ளிக்கு அப்புறம் இருக்கிறத வெட்டாது, பக்கத்துல இருக்கிற முழு எண்ணுக்கு கொண்டு போயிடும். மீதி 40 சரியா வரும். ஆக ஒரு நிமிஷம் நாப்பது செகண்ட் இருக்கும்போது திரையில 02:40ன்னு தெரியும். 80 செகண்ட்ல போட்டுப் பாத்தா 1.3333, அது 01ன்னு வரும், 01:20ன்னு சரியா இருக்கும். பாதி நேரம் சரியா, பாதி நேரம் தப்பா இருக்கிறதால எஞ்சின்லதான் ஏதோ பக்னு முடிவு பண்ணிடுறாங்க. எஞ்சின்ல ஒண்ணும் இல்ல, முழு எண்ணா மாத்தாம அச்சுல போட்டதுதான் காரணம்.

சரி, முழு எண்ணா மாத்தணும்னா கீழ்ப்பக்கமா, மேல்பக்கமா? கீழ்ப்பக்கமா மாத்துறதுக்கு ஃப்ளோர்னு பேரு, 9.98 ஆனா 9. மேல்பக்கமா மாத்துறது சீல், 9.98 ஆனா 10. நேரம் ஏறிட்டே போற ஸ்டாப்வாட்சுக்கு ஃப்ளோர் சரி, ஒரு செகண்ட் முழுசா முடிஞ்சாத்தான் 1ன்னு சொல்லணும். ஆனா 10லேந்து இறங்குற டைமருக்கு ஃப்ளோர் போட்டா 10ங்கிறது ஒரே ஒரு ஃப்ரேம் தெரியும், அடுத்த ஃப்ரேம்லயே 9 ஆகிடும், விளையாடுறவங்க கண்ணுக்கு 10 படவே படாது. கடைசியில இன்னும் கொடுமை, 0.98 இருக்கும்போதே 00:00 வந்துடும், கிட்டத்தட்ட ஒரு முழு செகண்ட் திரையில சைபர் நிக்கும், ஆட்டம் மட்டும் முடியாம ஓடும். டைமர் லேட்டா முடியுதுன்னு வர்ற பல புகாருக்கு இதுதான் காரணம். சீல் போட்டா 10ங்கிறது முழுசா ஒரு செகண்ட் நிக்கும், 00:00 வர்ற அதே நொடியில ஆட்டமும் முடியும். வாய்விட்டு பத்து, ஒம்போது, எட்டுன்னு எண்ணும்போது நாம எதிர்பாக்குறதும் இதத்தான்.

வரிசை ரொம்ப முக்கியம். முதல்ல மொத்த செகண்டையும் சீல் பண்ணுங்க, அப்புறமா 60ஆல பிரிங்க. மாத்திப் பண்ணா, 59.5 இருக்கும்போது நிமிஷம் 0ன்னு முதல்லயே பிரிஞ்சிடும், மீதி 59.5 மேல ஏறி 60 ஆகும், திரையில 00:60ன்னு வரும். மொத்தத்த முதல்ல சீல் பண்ணா 60, அது 01:00. செகண்டோட நூறுல ஒரு பங்கு வரைக்கும் காட்டுற டைமரா இருந்தா சீல் அவசியம் இல்ல, ஃப்ளோரே போதும், நூறுல ஒரு செகண்ட் வித்தியாசம் யாரு கண்ணுக்கும் தெரியாது.

சி ஷார்ப்ல இருக்கிற டைம்ஸ்பான் பத்தி ஒரு வார்த்தை. செகண்ட குடுத்தா மணி, நிமிஷம், செகண்ட் எல்லாம் அதுவே பிரிச்சுக் குடுக்கும், நல்ல சாமான்தான். ஆனா நிமிஷம் செகண்ட் மட்டும் கேட்டு அச்சு எழுதினா, 75 நிமிஷ டைமர் 15:00ன்னு காட்டும். மணிக்கான ஒண்ண அது தனியா எடுத்து வச்சிடுது, நீங்க மணிய கேக்கல, அதனால காட்டல. ஒரு மணி நேரத்த தாண்டுற டைமர்னா மணியையும் அச்சுல சேத்துடுங்க.

சுருக்கமா, மொத்தத்த முதல்ல முழு எண்ணாக்கணும், அப்புறம் ஈவு மீதி, கடைசியா ரெண்டு இலக்க அச்சு. அந்த எழுத்து காட்டுறதுக்கு மட்டும்தான். அதுலேந்து திரும்ப நேரத்த படிச்சு கணக்கு போடுற வழக்கத்த வச்சுக்காதீங்க, கணக்கெல்லாம் ஃப்ளோட்லயே நடக்கட்டும்.

## எடிட்டருக்குள்ள மட்டும் ஏன் உறைஞ்சு நிக்குது

கேம் ஓடும்போது செகண்டுக்கு 60 போட்டோ தானா வருது. எடிட்டர் அப்படி இல்ல. நீங்க ஒண்ணும் பண்ணாம உக்காந்திருக்கும்போது நூறு பட்டனையும் கட்டத்தையும் திரும்பத் திரும்ப வரைஞ்சிட்டு இருந்தா மெஷின் சும்மாவே சூடாகும், அதனால எடிட்டர் தேவைப்பட்டாத்தான் வரையும். கிளிக் பண்ணீங்க, ஏதோ மதிப்பு மாறுச்சு, விண்டோ அளவு மாறுச்சு, அப்பதான் புது போட்டோ. இப்படி புதுசா வரையச் சொல்றதுக்கு ரீபெயின்ட்னு பேரு.

இப்ப யூனிட்டில சொந்தமா ஒரு எடிட்டர் விண்டோ எழுதி அதுல 02:00ன்னு ஒரு லேபிள் வச்சா என்ன ஆகும்? உறைஞ்சு நிக்கும். விண்டோல ஒரு கிளிக் பண்ணா திடீர்னு 01:47க்கு தாவும், திரும்ப நிக்கும். தொட்டியில தண்ணி ஒழுங்கா இறங்கிட்டுத்தான் இருக்கு, போட்டோ எடுக்கத்தான் ஆள் இல்ல. தீர்வு சின்னது. எடிட்டர் விண்டோவுக்கு ஆன் இன்ஸ்பெக்டர் அப்டேட்னு ஒரு இடம் இருக்கு, அத எஞ்சின் செகண்டுக்கு 10 தடவ கூப்பிடும், அதுக்குள்ள ரீபெயின்ட்னு ஒரு வரி எழுதினா போதும். நிமிஷம் செகண்ட் காட்டுற டைமருக்கு 10 தடவ தாராளம். இன்ஸ்பெக்டருக்கே சொந்த வடிவம் எழுதுறீங்கன்னா, எப்பவும் வரைஞ்சிட்டே இருக்கணுமான்னு எஞ்சின் கேக்குற ஒரு கேள்வி இருக்கு, ரிக்வயர்ஸ் கான்ஸ்டன்ட் ரீபெயின்ட்னு பேரு, அதுக்கு ஆமான்னு பதில் குடுத்தா சரியாயிடும்.

அடுத்தது எண்ணுற பக்கம். ப்ளே அழுத்தாத நிலைமையில அப்டேட் ஒவ்வொரு ஃப்ரேமும் ஓடாது. எடிட்டர்லயும் ஓடுன்னு ஸ்கிரிப்ட் மேல குறிப்பு போட்டாலும் சீன்ல, அதாவது நாம அடுக்கி வச்சிருக்கிற காட்சியில, ஏதாவது மாறினாத்தான் கூப்பிடும். அதனால எடிட்டர்ல டெல்டா டைம நம்பி கழிக்காதீங்க. எடிட்டர் திறந்ததுலேந்து எவ்வளவு நேரமாச்சுன்னு ஒரு கணக்கு தனியா ஓடிட்டு இருக்கும், டைம் சின்ஸ் ஸ்டார்ட்டப்னு பேரு. ஆரம்பிக்கும்போது அதோட 120 கூட்டி முடியுற நேரம்னு ஒரு இடத்துல எழுதி வச்சுக்கோங்க. எப்ப வரையிறீங்களோ அப்ப முடியுற நேரத்துலேந்து இப்போதைய நேரத்த கழிங்க, அதுதான் மிச்சம். நடுவுல எத்தன நிமிஷம் வரையாம விட்டாலும் கணக்கு தவறாது, எனக்கு எடிட்டர் டூல்ல ரொம்பப் பிடிச்ச வழி இதுதான்.

கோடோல ஸ்கிரிப்ட் தலைப்புல டூல்னு குறிச்சா அது எடிட்டருக்குள்ளயே ஓடும், லேபிளோட எழுத்து சீன்லயே மாறுறத பாக்கலாம். ஆனா அப்படி மாறின எழுத்து சீனோட சேந்து சேவ் ஆகிடும், அடுத்த தடவ திறந்தா 00:37ன்னு ஒரு பழைய நேரம் உக்காந்திருக்கும், அது எங்கேந்து வந்துச்சுன்னு தேடாதீங்க. அன்ரியல்ல டிசைனர் திரையில நேரம் எப்படி தெரியும்னு மட்டும் பாக்கணும்னா ப்ரீ கன்ஸ்ட்ரக்ட் ஈவென்ட்ல ஒரு மாதிரி நேரத்த போட்டு விடலாம், அது எடிட்டர்லயும் ஓடும்.

குழப்பம் வந்தா நான் செய்யுறது ஒண்ணுதான், 01:47ங்கிற எழுத்துக்குப் பக்கத்துலயே 106.2ன்னு அந்த ஃப்ளோட்டையும் தற்காலிகமா காட்டிடுவேன். ரெண்டும் நிக்குது, கிளிக் பண்ணா ரெண்டும் சேந்து தாவுதுன்னா ரீபெயின்ட் இல்ல. கிளிக் பண்ணியும் ஃப்ளோட் அசையலைன்னா எண்ணவே இல்ல. ஃப்ளோட் ஒழுங்கா இறங்குது, எழுத்து மட்டும் உளறுதுன்னா வகுக்கிற இடத்த பாருங்க.

## எழுத்து ஆடுறது

சின்ன விஷயம், ஆனா கண்ண உறுத்தும். பல ஃபான்ட்ல 1ங்கிற எண் 8ங்கிற எண்ண விட ஒல்லியா இருக்கும். நடுவுல நிக்கிற டைமர் 01:11லேந்து 01:10 ஆகும்போது மொத்த எழுத்தும் இடம் வலமா ஒரு துளி நகரும், செகண்டுக்கு ஒரு தடவ இப்படி நடந்தா நடுங்குற மாதிரி இருக்கும். எல்லா எண்ணும் ஒரே அகலத்துல இருக்கிற ஃபான்ட்ட போடுங்க, இல்லன்னா யூனிட்டியோட டெக்ஸ்ட்மெஷ் ப்ரோல எம்ஸ்பேஸ்னு ஒரு டேக் இருக்கு, அது ஒவ்வொரு எழுத்துக்கும் சம அகலம் குடுத்துடும். அதே மூச்சுல இன்னொண்ணும் செஞ்சிடலாம், முழு செகண்ட் மாறினாத்தான் புது எழுத்த உருவாக்குங்க, 60 ஃப்ரேம்ல 59 தடவ அதே 01:47அ திரும்பத் திரும்ப செஞ்சு தூக்கிப் போடுறது வீண் வேலை.

## டைப் பண்ணுறவங்க பக்கம்

காட்டுறத பத்தியே பேசுறோம், இன்ஸ்பெக்டர்ல நேரத்த டைப் பண்ணுறவங்கள மறந்துடுறோம். நான் வேலை பாத்த ஒரு புராஜெக்ட்ல ரவுண்டு நேரத்த நிமிஷத்துல குடுக்கிற மாதிரி ஒரு கட்டம் வச்சிருந்தோம், லெவல் டிசைன் பண்ணுறவங்க அதுல 1.30ன்னு போட்டாங்க, ஒன்றரை நிமிஷம்ங்கிற நெனப்புல. மெஷினுக்கு 1.30ன்னா 1.3 நிமிஷம், அதாவது 78 செகண்ட். 90 வர வேண்டிய இடத்துல 12 செகண்ட் காணோம், லெவல் ரொம்ப கஷ்டமா இருக்குன்னு எதிரிங்களோட பலத்த எல்லாம் குறைச்சுப் பாத்தோம், ஒரு வாரம் கழிச்சுத்தான் கட்டத்துல இருந்த புள்ளி கண்ணுல பட்டுச்சு.

அப்புறம் அந்தக் கட்டத்துக்கு ஒரு ப்ராபர்ட்டி டிராயர் எழுதினோம். குறிப்பிட்ட ஒரு மதிப்ப இன்ஸ்பெக்டர்ல எப்படி வரையணும், எப்படி வாங்கணும்னு நாமே சொல்றதுதான் ப்ராபர்ட்டி டிராயர். அது முக்காப்புள்ளி வச்ச 1:30 மாதிரி எழுத்த மட்டும் வாங்கும், முக்காப்புள்ளிக்கு முன்னாடி இருக்கிறத 60ஆல பெருக்கி பின்னாடி இருக்கிறத கூட்டி 90.0ன்னு சேமிக்கும், செகண்ட் பக்கம் 60ஓ அதுக்கு மேலயோ போட்டா ஏத்துக்காது. கட்டத்துக்குக் கீழ சின்ன எழுத்துல "90 செகண்ட்"னு ஒரு வரி. அவங்க முதல் தடவ 1:30ன்னு டைப் பண்ணிட்டு அந்த வரிய ஒரு தடவ பாத்தாங்க, அடுத்த லெவலுக்கு போயிட்டாங்க.